கந்தல் எப்போது தானமாகிறது?

கடோபநிஷதத்தின் தொடக்கத்தில் வாஜசிரவஸ் ஒரு வேள்வி செய்து, தம் உடைமைகள் அனைத்தையும் தானமாக அளிக்கிறார். ஆனால் அவர் அளித்தவற்றுள் பசுக்கள் முதுமையால் தளர்ந்தவை. நீர் அருந்தவும் புல் மேயவும் வலுவற்றவை. பால் வற்றிப் போனவை. சிறுவனான நசிகேதன் அதைக் கண்டு கலங்குகிறான். தனக்கு வேண்டாததைப் பிறர் தலையில் சுமத்துவது தானமாகுமா?

இக்கேள்வி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் பகுதியில் யாரும் எடுத்துக்கொள்ளாத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அனைத்தையும் இழந்து நின்ற மீனவ மக்கள்கூட அவற்றைத் தொடவில்லை. அம்மக்களின் தன்மானத்தைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் பழந்துணியைப் பகிர்வதே இழிவானதா? அவ்வாறும் சொல்வதற்கில்லை.

பீகார் மாநிலம் முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது பூசுரா கிராமம். அங்கே பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நெருக்கமான ஓட்டுத்தையலால் இணைத்துப் பெண்கள் விரிப்புத் தைக்கிறார்கள். அதன் பெயர் சுஜனி. பிறந்த குழந்தையைப் பொதிந்து வைக்க இந்த மென்மையான விரிப்பையே பயன்படுத்துவது மரபு. கந்தல்களின் அன்னையாகிய 'சிதிரியா மா' என்ற தெய்வத்தையும் இம்மரபு போற்றுகிறது. மங்கிவந்த இக்கலை 1988-இல் 'அதிதி' என்ற அமைப்பின் துணையோடு பூசுராவில் புத்துயிர் பெற்றது. கூடியமர்ந்து தைத்த பெண்கள், வரதட்சிணை போன்ற தங்கள் துயரங்களையும் ஊசியால் துணியில் எழுதினர். 2006-இல் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பணியில் முன்னின்ற நிர்மலா தேவிக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வாஜசிரவஸ் கொடுத்ததும் பழையது. இப்பெண்கள் பகிர்ந்துகொள்வதும் பழையது. வேறுபாடு எங்கே இருக்கிறது?

புத்தர் பெருமானின் வரலாறு இதற்கு விடை தருகிறது. அவருடைய துறவியர் துண்டுத்துணிகளை இணைத்தே சீவர ஆடை அணிந்தனர். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, அந்த அமைப்பிலேயே ஆடை தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநய பிடகம் கூறுகிறது. அநுருத்தர் தமக்குக் கிடைத்த துணியில் ஆடை தைக்க முற்பட்டபோது, மூத்த துறவியர் பலரும் அவருடன் அமர்ந்து தைத்தனர். புத்தரே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார் என்று தம்மபத உரை சொல்கிறது. மழைக்காலத் தவம் முடிந்ததும் நடைபெறும் 'கடின' விழாவிலும் இதே நெறியைக் காணலாம். சங்கத்துக்கு வந்த துணியைத் துறவியர் கூடி அன்றைய பொழுதுக்குள் ஆடையாக்கி, தங்களுள் ஒருவருக்கு அளிப்பர்.

கூடித் தைப்பவர் துணியை மட்டும் தருவதில்லை. தம் கண்ணின் கூர்மையையும், விரல்களின் உழைப்பையும், ஒருநாள் பொழுதையும் அதனோடு சேர்த்துத் தருகிறார். இன்று என் தையல் உங்கள் போர்வையில் விழுகிறது. நாளை உங்கள் தையல் என் போர்வையில் விழும். ஆகவே அங்கே கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற பேதம் எழுவதில்லை. வாஜசிரவஸோ பசுக்களைக் கொடுத்தார், தம்மைக் கொடுக்கவில்லை.

தானத்தின் தரம் பொருளின் புதுமையால் மட்டும் அமைவதன்று. அதில் கொடுப்பவரின் பங்கு எவ்வளவு இருக்கிறது என்பதே உரைகல்.

அடுத்தமுறை அலமாரியிலிருந்து பழந்துணிகளை எடுத்து மூட்டை கட்டும்போது சற்றே நிதானிப்போம். அவற்றைத் துவைத்து உலர்த்துவோம், கிழிசலைத் தைப்போம், அறுந்த பொத்தானை மாற்றுவோம். இயன்றால் அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துக்கொள்வோம். இவ்வளவு செய்யவும் மனம் ஒப்பாத துணியைப் பிறருக்குத் தர நமக்குத் தகுதியில்லை.