பயன்பட்ட நீர் பாழ்நீரா?

ஓடும் ஆற்றில் உளூச் செய்யினும் நீரை விரயம் செய்யலாகாது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறியை இப்னு மாஜா தொகுப்பில் காண்கிறோம். உயிர்காக்கும் சிகிச்சைக்கும் இந்நெறி பொருந்துமா?

சிறுநீரகம் செயலிழந்தோருக்கு டயாலிசிஸ் இயந்திரமே துணை. மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தம் ஓட, மறுபுறம் உப்புகள் கலந்த திரவம் ஓடி நச்சுகளை ஏற்றுக்கொள்கிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ஒருமுறை பயன்பட்டுச் சாக்கடையில் கலக்கிறது. அதற்காக நீரைச் சுத்திகரிக்கையில் ஒதுக்கப்படும் நீர் வேறு.

1970களில் 'ரெடி' என்னும் இயந்திரம் சுமார் 6 லிட்டர் திரவத்தையே சுழற்றிப் பயன்படுத்தியது. அதிலிருந்த குப்பியில் யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைச் சிதைக்கும்; விளையும் அம்மோனியத்தை சிர்கோனியம் பாஸ்பேட் பற்றிக்கொள்ளும்; வேறு நச்சுகளைக் கரி உறிஞ்சும்.

அழுக்குற்ற நீர் மீண்டும் தூயதாகுமோ எனச் சிலர் அருவருப்பர். அருவருப்பு வேறு, சட்டம் வேறு. இரு குல்லத்துக்குக் குறையாத நீர் அசுத்தத்தால் மாறுபட்டு, அம்மாற்றம் தானே நீங்கினால் தூய்மை பெறும். கஸ்தூரியோ குங்குமப்பூவோ இட்டு மணத்தை மறைத்தால் பெறாது என்பர் ஷாஃபிஈ சட்ட அறிஞர். நீங்குதலே கணக்கு, மறைத்தல் அன்று. நிறம், சுவை, மணம் மூன்றும் தெளியச் சுத்திகரித்த கழிவுநீரால் உளூச் செய்யலாம் என 1978-இல் சவூதி மூத்த உலமாக்கள் பேரவை முடிவு கூறியது. ஆயினும் உடல்நலம் கருதி, அதனைப் பருகாமலிருப்பதே நலம் எனவும் உரைத்தது.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. தூய்மை ஒரு கேள்வி. தீங்கின்மை மற்றொரு கேள்வி. முன்னதற்கு விடை கிடைத்ததால் பின்னதற்கும் கிடைத்ததாகாது. 'ரெடி' குப்பியிலிருந்தே அலுமினியம் திரவத்தில் கசிந்தது பின்னர் தெரியவந்தது. எலும்பையும் மூளையையும் கெடுப்பது அது. கண்ணுக்குத் தெளிந்த நீர், நாதியற்ற நோயாளியின் உடலுள் நஞ்சைச் சேர்த்தது. ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹின் விதியன்றோ?

ஆகவே படிநிலை அறிதல் வேண்டும். சுத்திகரிப்பில் ஒதுக்கப்படும் நீர் நோயாளியைத் தொடாதது. தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் உதவும் அதனை வீணே விடுவது இஸ்ராஃப். பயன்பட்ட திரவத்தையும் தக்கவாறு சுத்திகரித்துப் பாசனத்துக்கு ஆக்கலாம் என மொராக்கோ மருத்துவர்கள் 2008-இல் எழுதினர். வறண்ட நாடுகள் எண்ணிப் பார்க்கத்தக்கது அது. ஆனால் அதே திரவத்தை அதே நோயாளிக்குத் திருப்புவதாயின், அவர் உயிருக்கு ஊறில்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். சிக்கனம் நம் கடமை. அதன் விலையை நோயாளி செலுத்துவது நீதியன்று.

நீரையும் உயிரையும் அமானிதமாய்த் தந்த வல்லோன், இரண்டையும் பேணும் அறிவை நமக்கு அருள்வானாக!