யார் மீது கடன்?

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்திருந்தார். மகன் இவ்வாண்டு கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். பகுதி ஒன்றில் எந்த மொழி, துணைப்பாடம் எது, விருப்பப்பாடம் எது என்று குறித்துப் படிவம் கொடுக்க வேண்டும். மூன்றாண்டு முடிந்ததும் ஜெர்மனி சென்று மேற்படிப்புப் படிக்க வேண்டுமென்பது பையனின் ஆசை. அதற்கு இப்போதே பாடங்களைப் பார்த்து எடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பணத்திற்கு வங்கிக் கடன், ஈட்டுக்கு நிலம். "இஸ்திகாரா தொழுதுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

இஸ்திகாரா என்பது, ஆகுமான காரியங்களில் எது நலம் என்று புரியாதபோது அல்லாஹ்விடம் நலத்தைக் கேட்பதாகும். குர்ஆனின் சூராவைக் கற்றுத் தருவதுபோல் இதனை நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. கணிதமா வேதியியலா என்பதற்கு இஸ்திகாரா உண்டு. உள்ளூரா அயல்நாடா என்பதற்கும் உண்டு. வட்டி கொடுக்கலாமா என்பதற்கு இஸ்திகாரா இல்லை. மார்க்கம் முன்பே பதில் சொல்லிவிட்ட இடத்தில் கனவை எதிர்பார்த்துப் படுத்துறங்குவது தொழுகையை ஏமாற்றுவதாகும்.

விசாரிக்காமல் தொழுவதும் நம்மவரிடம் வழக்கமாகிவிட்டது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்? பையனுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் இளங்கலையில் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்தாய் என்று எண்ணிப் பார்த்துத்தான் மேற்படிப்பில் இடம் தருகிறார்கள். முதலாண்டில் யோசிக்காமல் குறித்த பாடம் மூன்றாண்டு கழித்து வாசலை அடைத்துவிடக்கூடும். கட்டணம் இல்லையென்றாலும் ஓராண்டு உணவு, உறைவிடச் செலவை முன்னதாகவே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் பதினொன்று, பன்னிரண்டு லட்சம்.

மொழிப்பாடத்தில் பிரெஞ்சு எடுக்கப் போகிறானாம் பையன். மதிப்பெண் தாராளமாக விழும் என்று கேள்வி. போக நினைப்பதோ ஜெர்மனிக்கு! யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்ததாக திர்மிதியில் வருகிறது. வந்த கடிதத்தைப் படிக்கவும் பதில் எழுதவும் நம்பிக்கையான ஓர் ஆள் சமுதாயத்திற்குத் தேவைப்பட்டது. அதற்காக ஒரு மொழி கற்கப்பட்டது.

இந்தத் தேவை என்பதைத்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் முதல் கிதாபில் விரித்துரைக்கிறார்கள். மருத்துவமும் கணக்கும் பர்ளு கிபாயா. உழவும் நெசவும் தையலும்கூட அப்படியே. ஊரில் சிலர் கற்றுக்கொண்டால் அனைவர் கடமையும் நீங்கும். ஒருவரும் இல்லையேல் அனைவரும் குற்றவாளிகள். தம் காலத்தில் எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, பிக்ஹுச் சட்டம் படிக்க மட்டும் கூட்டம் நெரிந்ததை இமாமவர்கள் கசப்போடு எழுதுகிறார்கள். அந்தப் படிப்பில் வக்பு நிர்வாகமும் காழி பதவியும் கிடைத்தன, மருத்துவத்தில் கிடைக்கவில்லை என்பதே காரணமாம். தொள்ளாயிரம் ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று நம் மஹல்லாப் பிள்ளைகளை நிறுத்தி என்ன படிக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் வேறு வாசலில் நிற்கிறது, நெரிசல் அதேதான். இதைச் சொன்ன இமாமவர்கள் தம்மையும் விட்டுவைக்கவில்லை. பக்தாது நிஜாமிய்யாவில் தாம் பாடம் நடத்தும் நிய்யத்தைச் சோதித்து, அதில் புகழாசை கலந்திருக்கக் கண்டு 1095-ல் அப்பெரும் பதவியை விட்டுப் புறப்பட்டார்கள். நீ வெளிநாடு போவது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றால் அப்போதும் போவாயா என்று பையனிடம் கேட்கச் சொன்னோம்.

ஆனால் பையனை மட்டும் கேட்டுவிட்டு நாம் எழுந்துவிட முடியுமா? கிபாயா என்றால் அவன் படிப்பதால் நாம் விடுபடுகிறோம் என்று பொருள். நம் கடமையைச் சுமப்பவன் தலையில் வட்டியை ஏற்றிவிட்டு, வட்டி ஹராம் என்று பயான் செய்வது எந்த வகையில் நியாயம்? நிர்ப்பந்தம் என்று கூறி இத்தகைய கடனுக்கு இடமளிப்போர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. உள்ளூரிலேயே படிக்க வழியிருக்கையில் அயல்நாட்டுப் படிப்பு நிர்ப்பந்தமாகாது. கூடாது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லிவிட்டு வேறு வழி காட்டாமல் போவதில்தான் நமக்கு நெஞ்சு உறுத்துகிறது.

நம் முன்னோர் இப்படிக் கைகட்டி இருக்கவில்லை. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951-ல் திருச்சியில் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கல்லூரி கண்டார்கள். 1983-ல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி உறுப்பு நாடு அல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவருக்குத் திட்டம் வகுத்தபோது, படித்து முடித்தவன் வட்டியின்றித் திருப்பித் தர, அது அடுத்த மாணவனுக்குப் போக வேண்டும் என்று வைத்தது. மத்திய அரசு 2013-ல் தொடங்கி 2022-ல் நிறுத்திவிட்ட படோ பர்தேஷ் உதவியை நாம் இவ்வரிசையில் சேர்க்கவில்லை. அது வட்டியைக் கட்டிக்கொடுத்ததேயன்றி வட்டியை நீக்கவில்லை. தகப்பனாரின் பக்கத்து ஊரான மேல்சித்தாமூரையே பாருங்கள். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கையில் நம்மைவிட எவ்வளவோ சிறிய கூட்டம், தன் மடத்தைக் கைவிடவில்லை.

உதவி பெற்றவன் ஊர் திரும்ப வேண்டுமென்று ஜமாஅத்து நிபந்தனை போடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு கூட்டம் சென்று கற்றுத் திரும்பித் தம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்ற கருத்து தவ்பா சூராவில் இருக்கிறது. ஆசைப்படலாம், துஆச் செய்யலாம். கடன் கொடுத்தவன் பணத்தைக் கேட்கலாமே தவிர, வாங்கியவனின் வாழ்நாளைக் கேட்க முடியாது.

தகப்பனார் கையெழுத்துப் போடாமல் திரும்பினார். படிவத்தில் தமிழும், துணைப்பாடத்தில் கணிதமும் என்று முடிவாயிற்று. ஜெர்மன் மொழியைப் பையன் வெளியில் படித்துக்கொள்வான். அவருடைய மஹல்லாவில் கர்ளன் ஹஸனா நிதி என்று ஒன்று கிடையாது. 150 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் போட்டால் 36 மாதத்தில் 5,40,000 ரூபாய் சேரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். தேவைப்படுவதில் பாதிக்குக் கிட்ட வருகிறது. அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜமாஅத்தில் முதலில் வாயைத் திறப்பது யார், ஹஜ்ரத்? என் பிள்ளைக்காக நானே கேட்டால் நன்றாயிருக்குமா?" என்றார்.

வருகிற ஜும்ஆவுக்கு நாமே வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.