நடத்தைவாதமும் நமது வகுப்பறையும்

கல்வியாவது பிள்ளையின் நடத்தையில் விளையும் விரும்பத்தக்க மாற்றம் என்னும் வரைவிலக்கணத்தை ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் மறந்திருக்கமாட்டார். பரீட்சைத்தாளில் அதனை எழுதிப் புள்ளி பெற்றோர் பலர். அவ்வொரு வரிக்குள் ஒரு முழுத் தத்துவமும் ஓர் அரசியலும் அடங்கிக் கிடப்பதை நின்று நோக்கியோர் சிலரே. 'விரும்பத்தக்க' என்கிறோம், யாரால் விரும்பப்படுவது? பிள்ளையாலா, அதனைப் பெற்றவராலா, பாடத்திட்டம் வகுத்தவராலா, அன்றி அவருக்கு வேதனம் வழங்கும் அரசாலா? நடத்தைவாதத்தைப் பற்றிய விவாதம் இந்த வினாவிலிருந்தே தொடங்கவேண்டும்.

1913ஆம் ஆண்டில் ஜோன் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், உளவியலிலிருந்து மனம் என்ற பேச்சையே விலக்கிவிட வேண்டுமென வாதிட்டார். வெளியே நின்று காணத்தக்கதும் அளக்கத்தக்கதும் நடத்தை ஒன்றே; தூண்டி ஒன்று, அதற்குத் துலங்கல் ஒன்று; இரண்டுக்கும் இடையே உள்ளனவாகக் கூறப்படும் எண்ணமும் உணர்வும் விருப்பும் விஞ்ஞானத்துக்கு வேண்டாதவை என்பது அவர் நிலைப்பாடு. இதனைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பது எளிது. ஆயின் இக்கொள்கையிலே நம்மவர் கவனிக்கத் தவறிய முற்போக்கான கூறு ஒன்று உண்டு. நலமான குழந்தைகள் ஒரு டசினையும் அவற்றை வளர்க்கும் சூழலையும் தம் பொறுப்பில் விட்டால், முன்னோர் யாராயினும், எந்தக் குழந்தையையும் மருத்துவனாகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டலாம் என்று வாட்சன் பின்னாளில் எழுதினார். மிகைக்கூற்றுத்தான், தாம் சான்றுகளைக் கடந்து பேசுவதாக அவரே ஒப்புக்கொண்டார். எனினும், 'அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்று ஆசிரியர் ஓய்வறைகளில் இன்றும் கேட்கும் பேச்சுக்கு இது சரியான அடி. சாதியைப் பிறவிக் குணமெனப் போற்றிவந்த ஒரு சமுதாயத்திலே, மனிதனை ஆக்குவது சூழலே என்பது சிறிய சொல்லன்று.

ஆனால் அதனை எழுதியபோது வாட்சன் பல்கலைக்கழகத்தில் இருக்கவில்லை. 1920இல் அங்கிருந்து விலக நேர்ந்தபின் நியூயோர்க்கில் விளம்பர நிறுவனமொன்றிலே பணிபுரிந்துவந்தார். மனிதரின் துலங்கலை முன்கூட்டியறிந்து ஆளும் கலைக்குப் பள்ளிக்கூடத்தைவிடச் சந்தையே நல்ல விலை கொடுத்தது.

அவருக்குப் பின்வந்த ஸ்கின்னர் எலியையும் புறாவையும் பெட்டியில் அடைத்து ஆராய்ந்தவர். எலி நெம்பை அழுத்தினால் உணவுருண்டை விழும். விழவே, மீண்டும் அழுத்தும். இதற்கு மீளவலியுறுத்தல் என்று பெயர். 1950களில் இம்முறையை அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பாடத்தைச் சிறு சிறு படிகளாக்கு, சரியான விடை ஒவ்வொன்றுக்கும் உடனே பலன் கிடைக்கச் செய் என்பது விதி. அதற்கெனக் கற்பிக்கும் பொறியொன்றையும் அமைத்தார். இன்று கைத்தொலைபேசியில் சரியான விடைக்கு நட்சத்திரம் வழங்கும் செயலிகள் அப்பொறியின் பேரப்பிள்ளைகள். பிரம்பை உளவியலின் பெயரால் நியாயப்படுத்தும் நண்பர்கள் ஸ்கின்னரைத் துணைக்கழைக்க முடியாது என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம். தண்டனை ஒரு நடத்தையைச் சிறிதுகாலம் அடக்குமேயன்றி வேறொன்றைக் கற்பிக்காது என்பதே அவர் முடிவு. நமது கல்வியமைச்சும் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடற்றண்டனையைத் தடைசெய்தது. சில பள்ளிகளிலே பிரம்பு மேசையிலிருந்து அலுமாரிக்கு இடம்மாறியது, அவ்வளவே.

பரிசாலும் அச்சத்தாலும் பிள்ளையை இயக்கும் முறை இவ்விருவரிடமிருந்து நமக்கு வந்ததென்று கருதவேண்டியதில்லை. அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை மேற்பார்த்தார். அவ்வூர்ப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அவர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே இதையொத்த முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர், நல்ல பிள்ளைக்குச் சீட்டும் பதக்கமும் வழங்கினார். குற்றஞ்செய்தவனைக் கூடைக்குள் இருத்திக் கூரையிலே தூக்கித் தொங்கவிட்டார். பெட்டி ஸ்கின்னருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஆயத்தமாகிவிட்டது. பின்னர் ஆசிரியரும் அப்பெட்டிக்குள் அடைபட்டார். 1862இல் இங்கிலாந்திலும், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலும், பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்ற ஏற்பாடு வந்தது. வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் எத்தனை பிள்ளைகள் பரிசோதகர் முன்னிலையில் தேறினரோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம். பணம் எதற்குக் கிடைத்ததோ அது கற்பிக்கப்பட்டது. பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மனனம் செய்து ஒப்புவித்தனர்.

இந்த வரலாற்றின் ஒளியில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பார்க்கவேண்டும். கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் வாயிலாகவே புலமைப்பரிசில் கருதப்பட்டது. உழைக்கும் மக்களுக்குக் கதவு திறக்க வந்த அந்தத் திறவுகோல் இன்று பத்து வயதுப் பிள்ளையின் முன்னே தொங்கும் உணவுருண்டையாகிவிட்டது. வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்டோரின் படங்கள் வீதியோரப் பதாகைகளில் ஏறுகின்றன. கீழ்ப்பட்டோரே எப்பொழுதும் பெரும்பான்மை. அவர்களும் அன்று ஒன்றைக் கற்றுக்கொள்கின்றனர்: தாம் எதற்கும் ஆகாதவர் என்பதை.

இக்கொள்கையின் அடிப்படைக் குறை எங்கேயுள்ளது என்பதை எனது வகுப்பில் நிகழ்ந்ததொன்று தெளிவாக்கும். குளத்தின் சுயசரிதையைக் கட்டுரையாக எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் பிழையின்றி, அழகிய தமிழில் எழுதியிருந்தான். செந்தாமரை பூத்திருந்தது, அன்னங்கள் நீந்தின. பூவரசங்குளத்தில் எந்நாளும் அன்னம் நீந்தியதில்லை. அவன் அதிகாலையிலே தந்தையுடன் குளத்தில் வலை எடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருபவன். நீர் வற்றும்போது எந்தப் பக்கம் சேறு, எந்த மரத்தில் நீர்க்காகம் தங்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவற்றுள் ஒன்றும் தாளில் இல்லை. மாதிரிக் கட்டுரைப் புத்தகமே இருந்தது. புள்ளித்திட்டத்தின்படி அக்கட்டுரைக்கே வகுப்பில் கூடிய புள்ளி. தான் அறிந்த குளத்தைத் தடுமாறி எழுதியவனுக்குக் குறைவு. வெளித்தோன்றும் நடத்தையை மட்டும் அளப்பவருக்கு இவ்விருவருள் யார் கற்றவன் என்று சொல்ல வழியில்லை. எழுதியது ஒருவன் கையா, ஒருவன் அறிவா என்ற வேறுபாட்டையே அவர் தத்துவம் முதலில் அழித்துவிட்டது.

இவ்வூருக்குப் பெயர் தந்த மரத்தின் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதச் சிறு பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. ஒருவனைப் பார்த்து மற்றவன் பழகுகிறான்; பத்து இலை கிழிந்தபின் பதினோராவது ஒலிக்கிறது. அந்த ஒலியே மீளவலியுறுத்தல் என்று நடத்தைவாதி கூறக்கூடும். கூறட்டும். அப்படியாயின் கற்றலின் பலன் கற்கும் பொருளுக்குள்ளேயே இருக்கிறதென்று அவர் ஒப்புக்கொண்டவராகிறார். அப்பலனைப் பாடத்திலிருந்து பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் பதக்கத்தை வைத்தது யார் என்பதே நமது கேள்வி.

அச்சத்தைப் பொறுத்தவரை நடத்தைவாதம் உண்மையே சொல்கிறது. அதனை வன்னியில் வாழ்வோர் மறுக்க மாட்டார்கள். போர்க்காலச் சிறுவர் இன்று பெற்றோராகிவிட்டனர். கோயில் திருவிழாவிலே வாணம் வெடிக்கும்போது மடியிலிருக்கும் குழந்தையை இறுக அணைப்பவர்கள் அவர்களே. ஆயின் அவர்களிடம் வேறொன்றும் இருந்தது. 1924இல் லெனின்கிராட்டில் வெள்ளம் பெருகி, பாவ்லோவின் ஆய்வுகூடத்து நாய்கள் கூடுகளுக்குள் மூழ்கும் நிலைக்கு வந்தன. அவை மீட்கப்பட்டபின் பார்த்தபோது, சிலவற்றிலே பழக்கப்படுத்திய துலங்கல்கள் மறைந்துபோயிருந்தன. 2009இல் இதே மாவட்டத்தில், செட்டிகுளத்தையடுத்த மெனிக் பாமில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கம்பிவேலிக்குள் இருத்தப்பட்டபோது, மணி, வரவு, புள்ளி, பரிசு என்ற பள்ளிப் பழக்கங்கள் யாவும் வெள்ளத்தில் போனவைபோலவே போயிருந்தன. இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் கூடாரங்களிலே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தினர். பிள்ளைகள் வந்தனர், அங்கிருந்தே பரீட்சைக்கும் தோற்றினர். தூண்டி எது, துலங்கல் எது என்று அதனைப் பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

மனிதன் சூழலின் விளைபொருள் என்பதோடு நின்றுவிட்ட பழைய பொருள்முதல்வாதத்துக்கு மார்க்ஸ் 1845இலேயே விடையளித்துவிட்டார். சூழலை மாற்றுவோரும் மனிதரே, கற்பிப்பவனும் கற்கவேண்டியவனே என்பது அவர் வாதம். இதனை மறந்தால் சமுதாயம் இரண்டாகப் பிளவுபடும்: பெட்டியைச் செய்வோர், பெட்டிக்குள் இருப்போர். ஸ்கின்னர் 1971இல் வெளியிட்ட நூலில், சுதந்திரமும் மாண்பும் நாம் கடந்துசெல்லவேண்டிய பழங்கருத்துக்கள் என்றார். பெட்டியின் சாவி யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை எவரையும் நிறைவுபடுத்தவில்லை.

நமது பாடக்குறிப்புப் புத்தகத்தில் கற்றற்பேறு என்றொரு நிரல் உண்டு. கூறுவர், எழுதுவர், பட்டியற்படுத்துவர், இனங்காண்பர் என்று அதனை நாள்தோறும் நிரப்புகிறோம். ஐயுறுவர், மறுப்பர் என்று எவரும் எழுதக் கண்டதில்லை. சென்ற தவணையில் குளங்களைப் பற்றிய பாடமொன்றை நடத்துகையில் ஒரு மாணவி எழுந்தாள். "சேர், குளக்கட்டுக்கு மண் சுமந்தது எங்கட அம்மப்பா. குளத்துக்குக் கீழ ஏன் எங்களுக்கு வயல் இல்லை?" மலையகத்திலிருந்து வந்து குடியேறிக் கூலிவேலை செய்யும் குடும்பம் அவளுடையது. அக்கேள்வியைப் பாடக்குறிப்பின் ஓரத்திலே பென்சிலால் எழுதிவைத்தேன். அடுத்த கிழமைக்குரிய பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு வகுப்பு முழுவதும் அதனைப் பற்றியே பேசவேண்டியதாயிற்று. பாடத்திட்டத்தில் நாங்கள் இன்னும் இரண்டு பாடம் பின்னால் நிற்கிறோம்.