திரை பிடிக்கிறவர்கள்

ஆட்டுத்தோலுக்கு இரண்டு விதி. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிக்கு வந்தால் சுண்ணாம்பில் ஊறி, குரோமியத்தில் புரண்டு, நீலம் பாரித்து, ஷூவாகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். கன்னியாகுமரிப் பக்கம் பாவைக்கூத்துக்காரர் கையில் கிடைத்தால், முடி சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, வர்ணம் பூசி ராமர் ஆக்கிவிடுவார். பதனிடாத தோலில்தான் வெளிச்சம் ஊடுருவும்.

அனிமேஷன் என்றதும் நமக்கு மிக்கி மௌஸ்தான். லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்மணி கறுப்பு அட்டையைக் கத்தரித்து, மூட்டுக்கு மூட்டு கம்பி கட்டி, மூன்று வருஷம் பாடுபட்டு 1926-ல் இளவரசர் அக்மத் கதையைப் படமாக்கினார். இன்று மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் மூத்தது. பார்த்தால் நம்ம ஊர் பாவைக்கூத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்.

இரண்டிலும் ஆட்டிவைக்கிறவர் தெரியமாட்டார். டிக்கெட் வாங்கும்போதே நாம் ஒத்துக்கொண்ட பொய் அது. தப்பில்லை. ஆனால் தெரியாமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு இல்லையா?

தெருக்கூத்தில் துரியோதனன் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும். பிடித்தவர்களோ முழுசாக நம் எதிரிலேயே நிற்கிறார்கள். விடிந்ததும் அவர்கள் என்ன கலர் சட்டை என்று கேளுங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய இந்தக் கூத்தில் மயங்கியவர்தான் எழுத்தாளர் ந.முத்துசாமி. 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். (அங்கே கணக்கெழுதப் போனவர்தான் விஜய் சேதுபதி. என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு ஓர் ஆறுதல்!)

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேரைச் சேறு மூடியது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எந்தத் திரைக்கும் பின்னால் இல்லை. சென்னை - பெங்களூரு ரோட்டில் போகிற எல்லோருக்கும் அந்த வாடை தெரியும். கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பாலாறு கெட்டதற்கு, கெடுத்தவர்களே பணம் கட்டவேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி கணக்கில் அது பற்று. சரி. ஷூ போட்டவன் பங்கை எந்தத் தலைப்பில் எழுதுவது? "அதுக்காக வெறுங்காலோட நடக்கச் சொல்றீங்களா சார்?" என்பீர்கள். சொல்லவில்லை. தோல் ராமராக வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதை ஊறவைத்தவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்துகிறோம். இதற்கு எந்தக் கோர்ட் அபராதம் போடும்?

சினிமா முடிந்தால் லைட்பாய் வரை பெயர் ஓடுகிறது. ஷூ நாக்கைப் புரட்டிப் பாருங்கள். சைஸ் நம்பர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும்.