வேதிகை செய்த குற்றம் என்ன?

திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியின் வாசற்படியை நெய்யால் மெழுகிக் கோலம் போடுவது, பிள்ளை வரம் வேண்டும் பெண்களின் வழக்கம். நெய்யில் விரல் வழுக்கும், கோடு நெளியும். மந்திரித்துத் தரும் நெய்யைத் தம்பதியர் 48 நாள் சாப்பிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய், வயிற்றில் தடவிக்கொள்ள.

அந்தக் கோயிலின் தலபுராணத்தில் ஒரு நெருடல் உண்டு. நித்துருவ முனிவர் வெளியே போயிருக்கிறார். கர்ப்பிணி மனைவி வேதிகை அசந்து கிடக்கிறாள். ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சை கேட்டு வருகிறார். அவளால் உடனே எழுந்து வர முடியவில்லை. சாபம். கரு சிதைகிறது. அம்பிகை அதைக் கலசத்தில் ஏந்தி வளர்த்துப் பிள்ளையாகக் கொடுக்கிறாள். பக்தர்கள் கொண்டாடுவது கதையின் பிற்பாதியை.

கரு கலைந்தால் வீடுகளில் நடப்பதோ முற்பாதி. “மாடிப்படி ஏறினியா?”, “பப்பாளி தின்னியா?”, “ஸ்கூட்டர்ல போனியா?” ஊர்த்துவபாதர் இப்போது மாமியாராகவும் பக்கத்து வீட்டு அக்காவாகவும் வருகிறார்.

மாணிக்கவாசகர் இந்த விசாரணைக்குள் போவதில்லை. போற்றித் திருவகவலில், மனிதப் பிறவி எடுக்கும் உயிர் கருப்பையில் எதற்கெல்லாம் தப்ப வேண்டும் என்று மாதக்கணக்கில் அடுக்குகிறார். முதலில் சொல்வது, தாய் வயிற்றில் கிருமிகளோடு நடக்கும் போர். அதில் பிழைத்தால் மாதத்துக்கு ஒரு கண்டம். உடனே ‘அன்றே சொன்னார்’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். அன்று கிருமி என்றால் புழு. பாக்டீரியாவைப் பார்க்க நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. கருப்பைக் கண்டங்களின் அந்தப் பட்டியலில் தாயின் குற்றம் என்று ஒன்றுகூட இல்லை. பத்தாம் மாதத் துன்பத்தைக் கருவோடு சேர்ந்து அவளும்தான் படுகிறாள்.

மருத்துவமும் இந்த விஷயத்தில் சபித்த முனிவரைவிட மாணிக்கவாசகருக்கே பக்கத்தில் நிற்கிறது. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதே காரணம். பப்பாளிக்கு அங்கே வேலையே இல்லை. கிருமிகளின் பேச்சு எழுவது மீதிப் பாதியில்.

1892இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் யோனித் திரவத்தில் கோல்வடிவ பாக்டீரியாக்களை விவரித்தார். இன்று லாக்டோபேசிலஸ் எனப்படும் இவை, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களுக்குச் சொந்தக்காரர்கள். யோனிச் சுவரின் செல்களில் சேரும் கிளைகோஜன் உடைந்து சர்க்கரையாகும். அதைத் தின்று இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரக்கும். பிஎச் 4.5க்குக் கீழே இறங்கும் அந்தப் புளிப்பில் வேண்டாத கிருமிகள் பலவற்றுக்கு இருப்பு கொள்ளாது. போர் என்று பழைய கவிஞர் சொன்ன இடத்தில், கிருமிகளே காவலுக்கும் நிற்கின்றன.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் ஒன்றைக் கவனித்தார்கள். குரோமோசோம் சரியாக இருந்தும் கரு கலைந்த பெண்களிடம் லாக்டோபேசிலஸ் குறைவு, அழற்சி அதிகம். இது தொடர்பு மட்டுமே. காவல் குறைந்ததால்தான் கரு போனது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. 2011இல் ஜாக் ரவேல் குழு அமெரிக்காவில் 396 பெண்களைச் சோதித்தபோது, எந்த நோய்க்குறியும் இல்லாத பலரிடமும் லாக்டோபேசிலஸ் ஆதிக்கம் இல்லை.

சரிசெய்து பார்த்தவர்களும் உண்டு. பிரான்ஸின் பிரெமேவா ஆய்வில், கிருமிச் சமநிலை குலைந்திருந்த, மற்றபடி ஆபத்து குறைந்த 2,869 கர்ப்பிணிகளில் ஒரு சாராருக்குக் கிளிண்டாமைசின் மாத்திரை, மறுசாராருக்கு வெற்று மாத்திரை. தாமதக் கருச்சிதைவோ மிக முன்கூட்டிய பிரசவமோ நேர்ந்தது மருந்து தின்றவர்களில் 1.2 சதவீதம், மற்றவர்களில் 1.0. 2018இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கு இது. கெட்ட கிருமியைக் கொன்றால் கரு காக்கப்படும் என்ற நேர்கோட்டுக் கணக்கு அங்கே பலிக்கவில்லை.

ஆனாலும் ‘உன் கிருமி சரியில்லை’ என்பது அடுத்த பப்பாளியாக எத்தனை நாள் ஆகும்? வாசனைத் திரவத்தால் உள்ளே கழுவச் சொல்லும் விளம்பரங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. அப்படிக் கழுவினால் கலைவது காவலர்கள்தான் என்பதை அவை சொல்வதில்லை.

கருகாவூர்க் கதையில் வேதிகை அழுதுகொண்டு அம்பிகையிடம்தான் போகிறாள். பிச்சை போட ஏன் எழுந்து வரவில்லை என்று அம்பிகை கேட்கவில்லை. கலசத்தை எடுத்தாள்.