நாம் காணாத விளக்கு

மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டுகிறது. பின்விளக்கையும் அவர் இறங்கி நின்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிறேக் லைற்றை அவர் ஒருபோதும் காண்பதில்லை. காலை மிதியில் வைத்திருக்கும்வரை அது முதுகுக்குப் பின்னால் எரிகிறது. பார்ப்போம் என்று இறங்கினால் அணைந்துவிடுகிறது. ஏனெனில் அந்த விளக்கு அவருக்காக வைக்கப்பட்டதன்று. பின்னால் வரும் முகமறியாத மனிதருக்காக வைக்கப்பட்டது. அது பழுதானாலும் எஞ்சின் வழமைபோல் ஓடும், பிறேக்கும் பிடிக்கும். ஓட்டுபவருக்கு ஒரு குறையும் தெரியாது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. விளக்கு எரியாத காரணத்தால் பின்னால் வந்தவர் மோதி விழுந்தால், முன்னால் சென்றவர், "எனக்குத் தெரியாதே" என்று கூறித் தம் கைகளைக் கழுவிக்கொள்ளலாமா?

சிறிய விடயம் என்று எண்ண வேண்டாம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 11 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடுகிறார். முன்னால் செல்பவர் வேகத்தைக் குறைக்கிறார் என்பதை அவர் ஒரு விநாடி பிந்தி உணர்ந்தாலே போதும். அப்போது முதலில் அடிபடுவது யார்? பெரும்பாலும் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மனைவி, அல்லது பாடசாலைப் பையுடன் இருக்கும் பிள்ளை. பின்னால் வந்தவரின் நிலையும் பரிதாபமே. "பின்னால் வந்து இடித்தவன்தான் குற்றவாளி" என்று வீதியில் கூடியவர்கள் சொல்வார்கள். நாம் கவனியாமல் விட்டதன் பழியை நாம் அறியாத ஒருவர் சுமக்கிறார்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் இக்கேள்வியை நன்கு அறிந்திருந்தன. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் உண்டு. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால், அது முட்டும் மாடு என்று முன்னர் அறியாத சொந்தக்காரர் குற்றத்திலிருந்து விடுபடுவார். ஆனால் முன்னரே எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டி வைக்காதவர் அந்த உயிருக்குப் பொறுப்பாளி. இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. புதுவீடு கட்டுபவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. யாராவது விழுந்த பின்னரல்ல, விழுவதற்கு முன்னரே எழுப்ப வேண்டும். பிறேக் லைற்றும் அத்தகைய ஒரு கைப்பிடிச் சுவரே.

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினார் அறியாமையைப் பற்றி ஆராய்ந்தபோது, எல்லா அறியாமையும் ஒன்றல்ல என்று தெளிவுபடுத்தினார். முயன்றாலும் அறிய முடியாததை அறியாதிருப்பது பாவமாகாது. அறியக் கூடியதையும் அறிய வேண்டியதையும் அசட்டையால் அறியாதிருப்பதோ குற்றமாகும். அறிந்தால் தொல்லை என்று வேண்டுமென்றே அறியாமல் இருப்பவனின் நிலை அதனிலும் மோசமானது.

இதை நமது வாகனத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டிலிருந்து புறப்படும்போது எரிந்த பல்ப் வழியில் உடைந்து போயிற்று; அதற்கு யாரும் உங்களைக் குறை கூற முடியாது. ஆறு மாதமாக ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கவில்லை; இங்கே "தெரியாது" என்பது முழுமையான பதிலாகாது. சந்தியில் ஒரு தம்பி, "அண்ணை, உங்கட பிறேக் லைற் எரியேல்லை" என்று சொல்லியும், "பாப்பம்" என்று கூறிச் சென்று மாதம் ஒன்றாகிவிட்டது. அப்போது நாம் எச்சரிக்கப்பட்ட மாட்டுக்காரனின் இடத்தில் நிற்கிறோம்.

"பழைய வண்டி, என்ன செய்வது?" என்பது வழக்கமான சமாதானம். நம் ஊர்களில் பழைய ஹொண்டாக்களை இன்றும் காண்கிறோம். பழைய வண்டி வைத்திருப்பது குற்றமன்று. பலருக்கு அதுவே பிழைப்பு. ஆனால் பழுதின் உண்மை நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். கால்பிறேக்குக்குரிய சுவிச் மிதிக்கு அருகே உள்ள விரலளவான சிறு பொருள். மிதியை அழுத்தும்போது ஒரு மெல்லிய ஸ்பிறிங் அதன் தண்டை இழுக்கிறது; உள்ளே இரு செப்புத் தகடுகள் தொடுகின்றன; விளக்கு எரிகிறது. சேறும் மழைநீரும் நேரே தெறிக்கும் இடத்தில் இருப்பதால் தண்டு இறுகும், தகடு களிம்பேறும், ஸ்பிறிங் துருப்பிடித்து அறும்.

முதலில் பல்ப்பைப் பாருங்கள். அதற்குள் இரண்டு இழைகள் உண்டு; பின்விளக்குக்குரிய இழை எரிவதால் பிறேக்குக்குரிய இழையும் நலம் என்று நினைக்க வேண்டாம். பின்னர் பற்றறியையும் பல்ப் பொருந்தும் இடத்தையும் பாருங்கள். அவை நன்றாயிருந்தால், சாவியைத் திருப்பிவிட்டு, சுவிச்சுக்குச் செல்லும் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பழுது சுவிச்சில்தான். விளக்கு பிந்தி எரிந்தால், சுவிச்சின் உடலைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, அதன் நட்டைத் திருகிச் சற்று உயர்த்தினால் போதும். பல வேளைகளில் கழுவித் துடைப்பதும் புது ஸ்பிறிங் ஒன்று போடுவதுமே பரிகாரம். புதிய சுவிச் தேவைப்பட்டாலும், வண்டியின் மலிவான உதிரிப்பாகங்களுள் அதுவும் ஒன்று. முன்பிறேக்குக்குச் சுவிச் இல்லாத பழைய வண்டிகளும் உண்டு. அவற்றில் கைப்பிறேக்கை மட்டும் பிடித்தால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது.

"கையைக் காட்டினால் போகிறது" என்பாரும் உளர். சடுதியாக நிறுத்தும்போது வலக்கை பிறேக்கிலும் இடக்கை கிளச்சிலும் இருக்கின்றன. காட்டுவதற்கு மூன்றாம் கை ஏது?

இன்னொரு தந்திரமும் உண்டு. சுவிச்சைத் திருத்தாமல் இரு வயர்களையும் நிரந்தரமாக இணைத்துவிடுகிறார்கள். விளக்கு எந்நேரமும் எரிகிறது. பார்ப்பவருக்கு எல்லாம் சரிபோலத் தோன்றுகிறது. ஆனால் எப்போதும் எரியும் பிறேக் லைற் எதையும் சொல்வதில்லை. ஓடும்போதும் "நிற்கிறேன்" என்று கூறுபவனை, உண்மையில் நிற்கும்போது யார் நம்புவார்? எரியாத விளக்கு சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறது. ஓயாமல் எரியும் விளக்கோ பொய் சொல்கிறது. இப்படிக் கட்டிக்கொடுக்கும் மெக்கானிக்கும், பழுதை மறைத்து வண்டியை விற்பவரும் அந்தப் பொய்யில் பங்காளிகளே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 30-ஆம் பிரிவு, தனிமனித நலனை மட்டும் எண்ணி வாழும் ஒழுக்கம் போதாது என்று கூறுகிறது. சுகாதார விதிகளையும் வீதியில் வேகக் கட்டுப்பாட்டையும் அலட்சியம் செய்வோர் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பதை அங்கே சுட்டிக்காட்டுகிறது. ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நம்மில் எத்தனை பேர் வீதியை நினைக்கிறோம்? கோபித்தது, பொய் சொன்னது, பூசைக்குப் போகாதது நினைவுக்கு வருகின்றன. திருப்பலியின் தொடக்கத்தில் செய்யத் தவறியவற்றுக்கும் மன்னிப்பு வேண்டுகிறோமே, அந்தத் தவறியவற்றுள் கராஜுக்குக் கொண்டுபோகாமல் ஒத்திப்போட்ட வண்டியும் அடங்கும்.

இந்த விளக்கில் இன்னொரு பாடமும் உண்டு. ஓடும்போது அது எரிகிறதா என்பதை நமக்குச் சொல்லப் பின்னால் வரும் ஒருவர் வேண்டும். குறை கண்டால் சகோதரனிடம் தனியே சென்று எடுத்துக்கூறும்படி மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பணிக்கிறார். நமது குணங்களிலும் நமக்குத் தெரியாமல் பிறரைக் காயப்படுத்தும் குறைகள் உண்டு. நமது சுடுசொல் எங்கே போய்த் தைக்கிறது என்பதை மனைவி அறிவார், பிள்ளைகள் அறிவார்கள், நாம்தான் அறிவதில்லை. அவர்கள் சொல்லும்போது "எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டியோ?" என்று சீறினால், அடுத்த முறை சொல்லமாட்டார்கள். அதுபோலவே, வேறொருவரின் விளக்கு எரியாததைக் கண்டும் "எனக்கென்ன?" என்று முந்திச் செல்பவரும் அயலானைக் கடந்துசென்றவரே.

அன்பார்ந்த வாசகரே, வருகின்ற ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் உங்கள் பிள்ளையை வண்டியின் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். காலால் ஒருமுறை மிதியுங்கள், கையால் ஒருமுறை பிடியுங்கள். "எரியுது அப்பா" என்றால் இறைவனுக்கு நன்றி கூறிப் புறப்படுங்கள். "எரியேல்லை" என்றால் அன்று மெதுவாகவே செல்லுங்கள். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். திங்கட்கிழமை அதைத் திருத்திவிடுங்கள். பின்னால் வருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது; அவரையும் வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.