தனித்து நின்ற ஒருவர்

பலரும் ஒருமுகமாக ஒன்றைச் சொல்லுமிடத்தில் ஒருவர் மட்டும் மாறுபட்டு நின்றால், அவரை அறவோர் என்று கொள்வதா, பிடிவாதக்காரர் என்று தள்ளுவதா? 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ என்னும் திரைப்படம் எழுப்பும் வினா இது. திரைப்படம் என்றவுடன் முகம் சுளிக்கும் பெரியோர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இதில் பாட்டுமில்லை, கூத்துமில்லை. ஓர் அறை, ஒரு மேஜை, பன்னிரண்டு ஜூரர்கள், ஏறக்குறைய அவ்வளவே.

இதை எழுதிய ரெஜினால்ட் ரோஸ், நியூயார்க்கில் ஓர் உயிர் போன வழக்கில் தாமே ஜூரராக அமர்ந்தவர். அங்கே எட்டு மணி நேரம் மூண்ட வாக்குவாதமே தம்மை எழுதத் தூண்டியது என்று அவர் கூறியுள்ளார்.

தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாக 18 வயது இளைஞன் மீது வழக்கு. பன்னிருவரும் ஒருமித்துக் குற்றவாளி என்றால் மரண தண்டனை. பதினொருவர் கை உயர்த்துகின்றனர். எட்டாம் ஜூரர் உயர்த்தவில்லை. இளைஞன் நிரபராதி என்று அவர் சாதிக்கவுமில்லை. ஓர் உயிரைப் பற்றிப் பேசாமலே முடிவு செய்வது தகாது என்கிறார். பின்னர் அவர் செய்வதே கவனிக்கத்தக்கது. ‘மறைவாக வாக்கெழுதுங்கள், பதினொருவரும் மீண்டும் குற்றவாளி என்றே எழுதினால் நானும் உடன்படுகிறேன்’ என்று தம் நிலையையே பணயம் வைக்கிறார். ஒரு சீட்டு மாறி வருகிறது. எழுதியவர் வயோதிகரான ஒன்பதாம் ஜூரர். அவருக்கும் தெளிவு பிறந்துவிடவில்லை; தனித்து நிற்பவர் சொல்வதை இன்னும் கேட்போம் என்றே மாற்றினார்.

பிறகு சாட்சியங்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. 15 விநாடியில் கதவருகே வந்து கொலையாளி ஓடியதைக் கண்டேன் என்ற முதியவரின் சொல்லை அறைக்குள்ளேயே நடந்து அளக்கின்றனர். 40 விநாடிக்கு மேலாகிறது.

முடிவில் மூன்றாம் ஜூரர் ஒருவரே எஞ்சுகிறார். எண்ணிக்கையில் முன்னவருக்கும் இவருக்கும் பேதமில்லை. பதினொருவருக்கு எதிரே ஒருவர். ஆனால் முன்னவர் ‘கேளுங்கள், பேசுங்கள்’ என்று வேண்டினார். இவரோ கேட்க மறுக்கிறார். தம்மைப் பிரிந்து சென்ற மகனின் மேலுள்ள சினத்தை, யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில், ஒன்பது ஜூரர்களுள் எண்மர் குற்றமற்றவர் என்றனர், ஒருவர் மாறுபட்டார். இங்கே ஒருமித்த முடிவு கட்டாயமன்று. ஆகவே அவ்வொருவருக்கு மற்றவர்கள் செவிசாய்த்தாக வேண்டிய அவசியமே இல்லை. நீதிபதி அம்முடிவை ஏற்காது உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 1961-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அவ்விளைஞன் கொன்றானா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. கொன்றவனையே விடுவித்திருக்கவும் கூடும் என்பது எட்டாம் ஜூரருக்கும் தெரியும். அழுது சோர்ந்து இணங்கிய மூன்றாம் ஜூரருக்கு அவருடைய கோட்டை எடுத்து அணிவித்துவிட்டு, அவர் வெளியேறுகிறார்.